தாத்தாவின் கட்டிலை விற்றுவிடலாமா?

கேள்வி: ராயபுரத்தில், கடற்கரையிலிருந்து நடந்துபோகும் தூரத்தில், பழைய அடுக்ககம் ஒன்றின் முதல் மாடியில் 780 சதுர அடி வீடு வாங்கியிருக்கிறோம். ஆவணியில் குடிபோக எண்ணம். இதுவரை வியாசர்பாடியில் கீழ்த்தளத்தில் வாடகைக்கு இருந்தோம். 2023 டிசம்பர் புயல் வெள்ளத்தில் எங்கள் துணி அலமாரி ஊறிப் பெருத்து வீணாகிவிட்டது. என் கணவரின் தாத்தா பின்னி மில்லில் வேலை பார்த்தபோது வாங்கிய தேக்குக் கட்டில், அவருடைய பிரம்பு நாற்காலி, அத்தையின் இரும்பு பீரோ ஆகிய மூன்றும் தப்பின. இப்போது உள்ளலங்காரம் செய்பவர் ஒருவர் டிவி சுவருக்கு பேனல், ஃபால்ஸ் சீலிங், எல் வடிவ சோபா, பளபளப்பான சமையலறை, அலமாரிகள் எல்லாம் சேர்த்து 4 லட்சம் ரூபாய் கேட்கிறார். ஆடி முடிவதற்குள் முன்பணம் கொடுத்தால் தள்ளுபடியாம். பழைய சாமான்கள் இந்த அமைப்புக்குப் பொருந்தாது, விற்றுவிடுங்கள் என்கிறார். கணவருக்குப் புதிய அமைப்பில் ஆசை; அத்தைக்குக் கட்டிலைப் பிரிய மனமில்லை. ஐந்தாறு வருடத்தில் அலுத்துப்போகாமல், உழைக்கக்கூடியதாக எதை வாங்குவது?
— ஒரு வாசகி, ராயபுரம்

பதில்: அன்புள்ள வாசகிக்கு, வணக்கம். கடிதத்தின் கடைசி வரியில் நீங்கள் கேட்டிருப்பதற்கான விடையை, அதே கடிதத்தின் நடுவில் நீங்களே எழுதிவிட்டீர்கள். ஒரே வீடு, ஒரே வெள்ளம், ஒரே அளவு தண்ணீர். அலமாரி போயிற்று, கட்டிலும் பீரோவும் நின்றன. அந்த வேறுபாட்டின் காரணத்தைப் பார்த்துவிட்டால், இன்று எது நாகரிகம், நாளை எது பழசாகும் என்ற கணக்குக்குள் நீங்கள் போகவே வேண்டியதில்லை.

உங்கள் அலமாரி பெரும்பாலும் பார்ட்டிகிள் போர்டாக இருந்திருக்கும். மரச்சில்லுகளைப் பசையுடன் கலந்து அழுத்திச் செய்யும் பலகை அது. ஓரங்களில் ஒட்டியிருக்கும் மெல்லிய நாடா எங்காவது பிரிந்து, அதன் வழியே ஈரம் உள்ளே போனால் சில்லுகள் உப்பும். காய்ந்த பிறகும் பழைய அளவுக்குத் திரும்பாது. ஒருமுறை கழன்ற திருகாணியை அதே துளையில் மீண்டும் இறுக்கினால் பிடிக்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும். தேக்குக் கட்டிலும் நீரில் ஊறத்தான் செய்தது. ஆனால் வைரம் பாய்ந்த, அதாவது உள்மரம் முற்றிய தேக்கில் இயற்கையாகவே எண்ணெய்ப் பசை இருப்பதால் அது நீரை மெதுவாகத்தான் உறிஞ்சும். உறிஞ்சியதையும் நிழலில் காய்ந்தால் வெளியே விட்டுவிடும். இணைப்பு தளர்ந்தால் ஆசாரி பிரித்து, சுத்தம் செய்து, மீண்டும் தட்டிப் பூட்டலாம். பீரோவின் அடிப்பகுதியில் துரு ஏறியிருந்தாலும் தேய்த்து வர்ணம் அடித்தால் சரியாகிவிடும்.

ஆகவே ஒரு பொருளை வாங்குவதற்கு முன் நான் பார்ப்பது இதைத்தான்: கெட்டுப்போனால் நம் தெருவிலோ பக்கத்துத் தெருவிலோ இருக்கும் ஒருவர் அதைப் பிரித்துச் சரிசெய்ய முடியுமா? முடியும் என்றால் அது எந்தப் பாணியில் இருந்தாலும் நிலைக்கும். முடியாதென்றால் எவ்வளவு விலை கொடுத்திருந்தாலும் அதன் ஆயுளைத் தீர்மானிப்பவர் அதைச் செய்த நிறுவனத்தார்தான், நீங்கள் அல்ல.

இதை நான் என் வீட்டிலேயே காசு கொடுத்துக் கற்றேன். பெரம்பூரில் எங்கள் வீட்டுச் சமையலறையை, அப்போது எல்லோரும் விரும்பிய சிவப்பும் கறுப்புமான பளபளப்புப் பலகையில், ஒரு நிறுவனத்திடம் மொத்தமாக ஒப்படைத்துச் செய்தேன். இந்தத் தொழிலில் இருப்பவனே இப்படிச் செய்யலாமா என்று நீங்கள் கேட்கலாம்; அப்போது எனக்கும் அந்த நிறத்தின் மேல் மயக்கம் இருந்தது. நிறம் சில ஆண்டுகளில் சலித்துப்போனது உண்மை என்றாலும், சலிப்பைப் பொறுத்துக்கொள்ளலாம். இழுப்பறைகள் ஓடும் தண்டவாளம் உடைந்தபோதுதான் சிக்கல் தெரிந்தது: அந்த அளவைத் தயாரிப்பதை அவர்கள் நிறுத்திவிட்டிருந்தார்கள், வேறு எதுவும் அந்த இடைவெளியில் பொருந்தவில்லை. ஒரு சிறு உதிரிக்காக மூன்று இழுப்பறைகளைக் கழற்றிப் போட்டேன்.

இனி உங்கள் கட்டிலுக்கு வருகிறேன். விற்காதீர்கள். அத்தையின் மனத்துக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை, மரத்தின் மதிப்புக்காகவும் சொல்கிறேன். பழைய சாமான் வாங்குபவர் கட்டிலைப் பார்த்து ஒட்டுமொத்தமாக ஒரு தொகை சொல்வார். அதற்கு முன் நீங்களே அதை அளந்து பாருங்கள். மரத்தைக் கன அடிக் கணக்கில் விற்பது வழக்கம். நீளத்தை அடியிலும், அகலத்தையும் கனத்தையும் அங்குலத்திலும் எடுத்து, மூன்றையும் பெருக்கி 144-ஆல் வகுத்தால் கன அடி கிடைக்கும். பக்கச் சட்டங்கள் 6 அடி நீளம், 6 அங்குல அகலம், 2 அங்குலக் கனம் என்று வைத்துக்கொண்டால், ஒன்று அரைக் கன அடி. இரண்டு சட்டங்கள் மட்டுமே 1 கன அடி. கடைசல் கால்கள், தலைமாட்டுப் பலகை, கொசுவலைக் கம்பங்கள் இருந்தால் அவை, குறுக்குப் பலகைகள் எல்லாவற்றையும் சேர்த்துக் கூட்டிவிட்டு, ஒரு மரக்கடையில் முதல் தரத் தேக்கு 1 கன அடி என்ன விலை என்று கேளுங்கள். அதன் பிறகு விற்கும் எண்ணம் உங்கள் கணவருக்கும் வராது என்று நினைக்கிறேன்.

அந்தக் காலத்தில் சென்னையில் விற்ற தேக்கில் ஒரு பகுதி பர்மாவிலிருந்து கப்பலில் வந்தது. உங்கள் கட்டில் அப்படி வந்த மரமா, நம் நாட்டுத் தேக்கா என்பதை நேரில் பார்க்காமல் சொல்ல இயலாது. எதுவாயினும், பல பத்தாண்டுகள் காய்ந்து அடங்கிய மரத்துக்கு இணையானதைப் புதிதாக வாங்குவது இன்று எளிதல்ல. மியான்மர் 2014 ஏப்ரலிலிருந்து உருட்டு மரங்களின் ஏற்றுமதியை நிறுத்தியது. இங்கே தோட்டங்களில் வளர்த்து இளம் வயதிலேயே வெட்டப்படும் தேக்கில், வைரத்தைக் காட்டிலும் வெளிப்பக்கத்து வெள்ளை மரமே அதிகம் இருக்கும். வண்டும் கரையானும் முதலில் தேடிப்போவது அந்த வெள்ளையைத்தான். "தேக்குதானே, பூச்சி அரிக்காது" என்று நம்பி வாங்கியவர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

கட்டிலில் நீங்கள் செய்ய வேண்டியது அதிகமில்லை. படுக்கும்போது கிறீச்சிடுகிறது என்றால் இணைப்புகள் காய்ந்து தளர்ந்திருக்கின்றன என்று பொருள். ஆசாரி, துளைக்குள் செருகியிருக்கும் மரமுனையான கழுந்தைப் பிரித்தெடுத்து, தேவைப்பட்ட இடத்தில் மெல்லிய ஆப்பு வைத்து இறுக்கிக்கொடுப்பார். பழைய வார்னிஷைச் சுரண்டச் சொல்லுங்கள். கனமாக இழைத்துத் தள்ள விடாதீர்கள், கடைசலின் நுணுக்கம் மழுங்கிவிடும். அளவைப் பற்றியும் கவலை வேண்டாம். பழைய இரட்டைக் கட்டில்கள் பல ஏறத்தாழ ஆறேகால் அடிக்கு நான்கு அடி இருக்கும். 75-க்கு 48 அங்குலம் என்ற மெத்தை அளவு இன்றும் கடைகளில் கிடைக்கிறது. இருவருக்கு அந்த அகலம் நெருக்கம் என்று தோன்றினால், கட்டிலை அத்தையின் அறைக்குக் கொடுத்துவிட்டு உங்களுக்குப் புதிதாகச் செய்துகொள்ளுங்கள்.

பிரம்பு நாற்காலியைப் பற்றி உங்கள் அலங்காரக்காரர் சொன்னது எனக்குச் சற்றுச் சிரிப்பை வரவழைத்தது. பிரம்புப் பின்னல் வைத்த கட்டில் தலைமாடுகளையும் அலமாரிக் கதவுகளையும் இந்த ஆண்டின் புதுப் பாணி என்று அதிக விலைக்கு விற்கிறார்கள். அதே பின்னல் கொண்ட நாற்காலியை உங்களிடம் தூக்கிப் போடச் சொல்கிறார். இருக்கைப் பின்னல் அறுந்திருந்தால், சட்டம் உறுதியாக இருக்கும் வரை, பிரம்பு முடைபவர் பழையதை அறுத்தெடுத்துவிட்டு, நீரில் ஊறவைத்துப் பதமாக்கிய புதிய பிரம்பு இழைகளால் மறுபடி பின்னிக்கொடுப்பார். பிளாஸ்டிக் இழை மலிவு என்று ஒப்புக்கொள்ளாதீர்கள், இயற்கைப் பிரம்பையே கேளுங்கள்.

பீரோவின் அடித்தகட்டில் ஓட்டை விழுந்திருந்தால் பற்றவைப்பவரிடம் கொடுத்துத் தகடு மாற்றுங்கள். துருவைத் தேய்த்து, ரெட் ஆக்ஸைடு பூசி, அதன்மேல் நீங்கள் விரும்பும் வண்ணத்தை ஸ்பிரே செய்யலாம். புதுமையை இங்கே தாராளமாகக் காட்டலாம்: மங்கிய பச்சையோ கருநீலமோ அடித்து, கைப்பிடியைப் பித்தளையில் மாற்றினால், அறைக்குள் வருபவர் அதைப் பழைய பீரோ என்று சொல்ல மாட்டார். தரையோடு தரையாக வைக்காமல், நான்கு மூலையிலும் கிரானைட் துண்டுகளை வைத்து உயர்த்துங்கள். முதல் மாடிக்கு வெள்ளம் வராது என்றாலும், தரையைத் துடைக்கும் தண்ணீர் தினமும் வரும்.

ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் என்று கடலை ஒட்டிய பகுதியில் வீடு இருப்பவர்கள் எல்லோருக்கும் பொதுவாக ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. இங்கே சாமான்களை முதலில் சோதிப்பது உப்புக்காற்று. மரத்தை அது அவ்வளவாகத் தொடாது. கீல், திருகாணி, தாழ்ப்பாள் ஆகியவற்றைத்தான் அரிக்கும். நல்ல கதவு ஒன்று தொங்கிப்போவது பெரும்பாலும் கீலின் குற்றமாகவே இருக்கும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று சொல்லி விற்பதில் 304 தரமும் உண்டு, 202 தரமும் உண்டு. 202 இந்தக் காற்றில் விரைவில் துருப்பிடிக்கும். காந்தம் ஒட்டாவிட்டால் நல்ல ஸ்டீல் என்று கடையில் செய்துகாட்டுவார்கள், அதை நம்பாதீர்கள். 202-லும் காந்தம் ஒட்டாது. தரத்தைப் பொருளின் மேலேயே பொறித்திருக்கும் நிறுவனமாகப் பார்த்து வாங்கி, பில்லிலும் 304 என்று எழுதச் சொல்லுங்கள். மொத்தச் செலவில் கீல்களின் பங்கு சிறியது, ஆனால் பலரும் மிச்சம் பிடிப்பது அதில்தான்.

உப்புக்காற்றோடு சேர்ந்து சுவர் ஓதமும் உண்டு. பழைய கட்டடங்களில் வெளிச்சுவரின் உட்புறம் உப்புப் பூத்துப் பூச்சு பொரிந்து உதிர்வதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அந்தச் சுவரின் மேல் பேனலையோ ஒட்டும் காகிதத்தையோ பசை தடவி அப்பிவிட்டால், ஓதம் போவதில்லை, கண்ணுக்கு மறைகிறது, அவ்வளவுதான். பின்னால் பூஞ்சை பிடித்து வாடை வரும்போதுதான் தெரியும். அப்போது பேனலோடு சேர்ந்து பூச்சும் பெயர்ந்து வரும். உங்கள் கணவருக்கு டிவி சுவர் வேண்டும் என்ற ஆசையை நான் குறைசொல்லவில்லை. அது வெளிச்சுவராக இல்லாமல் உள்சுவராக இருக்கட்டும். பேனல் டிவியைச் சுற்றியுள்ள பகுதியில் மட்டும், பசைக்குப் பதிலாகச் சட்டம் அடித்துத் திருகாணியால் பொருத்தியதாக இருக்கட்டும். மனம் மாறும் நாளில் ஒரு மாலை நேரத்தில் கழற்றிவிடலாம். அதையும் விட்டு, அந்தச் சுவருக்கு மட்டும் அவர் விரும்பும் ஆழ்ந்த வண்ணம் அடித்து, பக்கத்தில் ஒரு நல்ல விளக்கு வைத்தால் நான் இன்னும் மகிழ்வேன். ஃபால்ஸ் சீலிங்கைக் கைவிடுங்கள்; கூரையில் இருக்கும் கசிவை மறைப்பதோடு, மின்விசிறிக்கும் தலைக்கும் உள்ள இடைவெளியையும் அது குறைத்துவிடும்.

சமையலறைக்கு வருகிறேன். இப்போது அங்கே கடப்பா கல் தட்டுகள் இருக்கின்றனவா என்று நீங்கள் எழுதவில்லை. பழைய அடுக்ககம் என்பதால் இருக்கும் என்றே எண்ணுகிறேன். இருந்தால், உடைத்துவிட்டுப் பலகைப் பெட்டிகளை வைக்கச் சொல்லும் யோசனையை ஏற்காதீர்கள். தண்ணீருக்கும் கரையானுக்கும் அஞ்சாத அலமாரி அதைவிட வேறில்லை. முன்பக்கம் மட்டும் சட்டமும் கதவும் செய்து பொருத்தினால், புதிய சமையலறையின் தோற்றம் பாதிச் செலவில் கிடைக்கும். நிறம் சலித்தால் கதவுகளை மட்டும் மாற்றலாம். கல் தட்டு இல்லாத இடங்களுக்கு, குறிப்பாகப் பாத்திரம் கழுவும் தொட்டியின் கீழ், ஐ.எஸ். 710 முத்திரை உள்ள பிளைவுட்டைக் கேளுங்கள். அது பி.டபிள்யூ.பி. என்று வழங்கும் தரம். அதன் பசை 72 மணி நேரம் கொதிநீரில் தாங்க வேண்டும் என்பது விதி. எம்.ஆர். தரம் ஈரப்பதத்தைச் சமாளிக்கும், தண்ணீரைத் தாங்காது. வரவேற்பறை அலமாரிக்கு அது போதும். கடைக்காரர் வாய்ப்பேச்சாக "வாட்டர் ப்ரூஃப்" என்று சொல்வதைக் கணக்கில் எடுக்காமல், பலகையின் மேல் அச்சிட்டிருக்கும் ஐ.எஸ். எண்ணையும் சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண்ணையும் பார்த்து, வீட்டுக்கு வந்து இறங்கும் பலகையிலும் அதே எண்கள் இருக்கின்றனவா என்று சரிபாருங்கள். மேலே ஒட்டும் மைக்கா 1 மில்லிமீட்டராக இருக்கட்டும். பளபளப்பானதில் கைரேகையும் கீறலும் பளிச்சென்று தெரியும் என்பதால், மங்கல் பூச்சு உள்ளதை எடுப்பது நல்லது.

எல் வடிவ சோபா உங்கள் வீட்டுக்கு வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. முதல் காரணம், பழைய அடுக்ககங்களின் மாடிப்படித் திருப்பத்தில் அது ஏறுவதே கடினம். இரண்டாவது, 780 சதுர அடி வீட்டின் கூடத்தில் அது ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டால் அதன்பின் எதையும் இடம்மாற்ற முடியாது. விசேஷ நாளில் பத்துப் பேர் வந்தால் பாய் விரிக்கவும் இடமிருக்காது. மூன்றாவது, தாழ்வான இருக்கையிலிருந்து அத்தை எழுந்திருக்கச் சிரமப்படுவார். தரையிலிருந்து 17, 18 அங்குல உயரம் அவருக்கு வசதி. இதற்குப் பதிலாக 6 அடிக்கு இரண்டரை அடியில் ஒரு மரத் திவான், அதனுடன் கைப்பிடி வைத்த இரண்டு நாற்காலிகள் செய்யச் சொல்லுங்கள். பகலில் உட்காரலாம், விருந்தாளி தங்கினால் படுக்கலாம். அதன்மேல் இலவம்பஞ்சு மெத்தை போட்டால், சில ஆண்டுகளில் அமுங்கியதும் பஞ்சைப் பிரித்து அடித்துத் திரும்பத் தைத்துவிடலாம். ஃபோம் மெத்தைதான் வேண்டுமென்றால் இருக்கைக்கு 40 டென்சிட்டி (அடர்த்தி) உள்ளதாகக் கேளுங்கள்; விலை குறைந்த சோபாக்களில் இந்த எண்ணைக் கேட்டாலே பேச்சு வேறு பக்கம் திரும்பும். உறைகள் கழற்றித் துவைக்கும்படி இருக்கட்டும். உறைத்துணிக்கும் திரைச்சீலைக்கும், துணிக்கடைகள் நிறைந்த எம்.சி. ரோடு உங்களுக்குப் பக்கம்தான். ஆண்டுக்கு ஒருமுறை நிறம் மாற்றினாலும் கையைக் கடிக்காது. வீட்டுக்குப் புதுமுகம் கொடுக்கும் வேலையைத் துணியிடம் விட்டுவிட்டால் மரம் அமைதியாக இருக்கலாம்.

திவானுக்கு என்ன மரம் என்று கேட்பீர்கள். எல்லாமே தேக்காக இருக்க வேண்டுமென்பதில்லை. வேங்கையும் நன்கு காய்ந்த பலாவும் உறுதியானவை. தேக்கில்தான் செய்ய வேண்டுமென்றால் இடித்த வீட்டு மரத்தைத் தேடுங்கள். ஜார்ஜ் டவுனிலும் பழைய வண்ணாரப்பேட்டையிலும் மெட்ராஸ் டெரஸ் கூரை போட்ட வீடுகள் இருந்தன. தேக்கு உத்தரங்களின் மேல் செங்கலைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்புக் கலவையில் கட்டிய கூரை அது. அத்தகைய வீடுகள் இடிபடும்போது வெளிவரும் உத்தரங்கள் பழைய மரக்கடைகளுக்குப் போகின்றன. ஆணித் துளைகள் இருக்கும், அறுக்கும்போது வாளின் பல் போகும் என்று ஆசாரி முணுமுணுப்பார், கூலியும் கூடுதலாகக் கேட்பார், கொடுத்துவிடுங்கள். வளையும் விரியும் எல்லா வேலையையும் கூரையிலேயே முடித்துவிட்ட மரம் அது. புதிதாகச் செய்து வைத்திருக்கும் சாமானை வாங்கினால், மேல்பக்கத்து நிறத்தைப் பார்க்காமல் குனிந்து அடிப்பக்கத்தையும் இழுப்பறையின் பின்புறத்தையும் பாருங்கள். சாயம் பூசாத அந்த இடங்களில் மரத்தின் உண்மையான நிறமும் வெள்ளைப் பகுதியும் தெரியும். மூலைகளில் கழுந்து செருகியிருக்கிறார்களா, வெறும் ஆணியும் பசையுமா என்பதும் அங்கேதான் தெரியும்.

தள்ளுபடி என்ற அவசரத்துக்காக ஆடிக்குள் முன்பணம் கொடுக்காதீர்கள். ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனி விலை, பலகையின் தரம், கீலின் தரம் எல்லாம் எழுதிய மதிப்பீட்டை அந்த அலங்காரக்காரரிடமே கேளுங்கள். நேர்மையாகத் தொழில் செய்பவரானால் கொடுப்பார். பிறகு அவரை வைத்தே சமையலறைக் கதவுகளையும் ஒரு துணி அலமாரியையும் செய்துகொள்ளலாம். 4 லட்சத்தில் மூன்றில் ஒரு பங்கையாவது தொடாமல் வைத்துக்கொண்டு குடிபோங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் எந்தச் சுவர் கசிகிறது, எந்த ஜன்னல் வழியே சாரல் அடிக்கிறது, மாலை வெயில் எந்த மூலையில் விழுகிறது என்பதையெல்லாம் வீடு உங்களுக்குக் காட்டிய பிறகு மிச்சத்தைச் செலவிடுங்கள்.

கட்டிலின் இணைப்புகளைக் குடிபோவதற்கு முன்பே இறுக்கிவிடலாம். பாலிஷ் மட்டும் பொறுக்கட்டும். காற்றில் ஈரம் மிகுந்த நாளில் பிரெஞ்சு பாலிஷ் என்னும் அரக்குப் பூச்சை அடித்தால் மேற்பரப்பில் வெள்ளையாகப் புகைபோலப் படரும், மறுபடி துடைத்தெடுத்து அடிக்க வேண்டியிருக்கும். மாசியில் ஒரு காய்ந்த வாரமாகப் பார்த்து, பாலிஷ்காரரை அழைத்துக் கட்டிலையும் நாற்காலியையும் ஒன்றாகச் செய்துவிடுங்கள். ஓதம் கண்ட சுவருக்குப் பூச்சு வேலையும் வண்ணமும் அதே மாதத்தில் வைத்துக்கொள்ளலாம்.